இன்கமிங் இலவசம் என்றால் அம்மாவின் போனுக்கு ஏன் ரீசார்ஜ்?

மார்த்தாண்டம் பக்கத்து ஊர்க்காரர், துபாயில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். பட்டன் போன்தான். அவராக யாரையும் கூப்பிடுவதில்லை. நானும் நாகர்கோவிலில் இருக்கும் அக்காவும் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவார், அவ்வளவுதான். ஆனாலும் 28 நாளைக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யாவிட்டால் கொஞ்ச நாளில் வருகிற அழைப்பும் நின்றுபோகிறது. கம்பெனிகள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்த டெர்மினேஷன் கட்டணத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒழித்துவிட்டது, அது மக்களுக்கு நல்லது என்று படித்தேன். அப்படியானால் செலவு குறைந்திருக்க வேண்டாமா? இத்தனை கம்பெனிகள் போட்டி போடுகிற தொழிலில் இந்த ஒரு விலையை மட்டும் ஏன் அரசு அமைப்பு நிர்ணயிக்க வேண்டும்?"

தம்பி, உங்கள் அம்மா ஒருவரையும் கூப்பிடாமலேயே தன் கம்பெனிக்கு மாதாமாதம் வருமானம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. வேறு கம்பெனி எண்ணிலிருந்து அக்கா கூப்பிட்டுப் பேசிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் அம்மாவின் கம்பெனிக்குக் காசு போனது. அதுதான் டெர்மினேஷன் கட்டணம். அது இல்லாமல் போனதும், வருகிற அழைப்பை எடுத்துப் பேச மட்டும் போன் வைத்திருப்பவர்களால் கம்பெனிக்கு லாபம் இல்லை என்றாகிவிட்டது. அந்தக் காசை இப்போது ரீசார்ஜ் வழியாக உங்களிடமே வாங்குகிறார்கள். சுருக்கமான பதில் இதுதான். ஆனால் அந்தக் கட்டணத்தை ஒழித்தது தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு கைபேசி நிறுவனத்தில் இன்டர்கனெக்ட் பில்லிங் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். மற்ற கம்பெனிகள் எங்களுக்குத் தர வேண்டியது எவ்வளவு, நாங்கள் அவர்களுக்குத் தர வேண்டியது எவ்வளவு என்று மாதாமாதம் நிமிடக் கணக்கை ஒத்துப்பார்ப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காசு எதற்கு என்று பார்ப்போம். அக்கா ஒரு கம்பெனி, அம்மா வேறொரு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா எண்ணை அழுத்தியதும் அவருடைய கம்பெனியின் சுவிட்ச் அந்த அழைப்பை இரண்டு கம்பெனிகளும் சந்திக்கிற இணைப்புப் புள்ளிக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து அம்மாவின் கம்பெனி அதை ஏற்றுக்கொள்ளும். அந்தப் போன் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தன் பதிவில் தேடி, அந்தப் பக்கத்து டவர்கள் வழியாக அதைக் கூப்பிட்டு, மணி அடிக்கவைத்து, பேசி முடிக்கும் வரை அலைவரிசையில் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுக்கும். இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் டெர்மினேஷன் என்று பெயர். அக்கா தன் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறார். அந்தக் கம்பெனி அதில் ஒரு பங்கை அம்மாவின் கம்பெனிக்குக் கொடுக்கிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. போட்டி இருக்கிறதே, இந்த விலை தானாகக் குறையாதா?

குறையாது. நம் ஊர் விளைகளை, அதாவது தோப்பு நிலங்களை, வைத்து யோசித்துப் பாருங்கள். பின்விளையில் ஒரு வீடு. அங்கே போக ஒரே நடைவழி, அதுவும் முன்விளைக்காரர் நிலம் வழியாக. வழிக்கு அவர் காசு கேட்கிறார், ஆனால் பின்விளையில் குடியிருப்பவரிடம் அல்ல, அவரைப் பார்க்க வருகிற விருந்தாளிகளிடம். குடியிருப்பவருக்கு அது கையைக் கடிக்காது, ஆகவே அவர் வீடு மாற மாட்டார். விருந்தாளிக்குக் கடிக்கும், ஆனால் அவருக்கு வேறு வழி கிடையாது. ஊரில் இதுபோல நூறு விளைகள் இருந்தாலும் ஒவ்வொரு நடைவழியும் தனித்தனி ஏகபோகம்தான். கைபேசியும் அப்படியே. அம்மாவின் எண்ணுக்குப் பேச வேண்டுமானால் அம்மாவின் கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தவர் அம்மா, செலவைச் சுமப்பவர் அக்கா. தேர்ந்தெடுப்பவரும் காசு கொடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்போது போட்டி அந்த விலையைத் தொடாது. சின்னக் கம்பெனியாக இருந்தாலும் தன் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை அது ஏகபோகம்தான்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1990களின் கடைசியில் மார்க் ஆம்ஸ்ட்ராங், லாஃபாண்ட், ரே, டிரோல் போன்ற பொருளாதார அறிஞர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சந்தை ஆதிக்கத்தையும் ஒழுங்குமுறையையும் பற்றிய ஆய்வுக்காக ஜான் டிரோலுக்கு 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. ஐரோப்பாவில் ஒவ்வொரு கம்பெனியின் டெர்மினேஷனையும் ஒரு தனிச் சந்தையாகவே பார்க்கிறார்கள். அங்கே இப்போது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஒரே உச்சவரம்பு: 2024 முதல் நிமிடத்துக்கு 0.2 யூரோ சென்ட். இன்னொரு கோணமும் உண்டு. வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு கடுமையாகப் போட்டி போடுகிறார்களோ, அவ்வளவுக்கு டெர்மினேஷன் கட்டணத்தை உயர்த்த ஆசை வரும். அடுத்த கம்பெனிக்காரனின் வாடிக்கையாளர் கொடுக்கும் காசை வைத்து நம் வாடிக்கையாளருக்குச் சலுகை கொடுக்கலாம் அல்லவா? அதனால்தான் வாடிக்கையாளரிடம் வாங்கும் சில்லறைக் கட்டணத்தைப் பெரும்பாலும் சந்தையின் போக்கில் விட்ட ட்ராய், இதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது.

நம் நாட்டில் இது எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1995ல் கைபேசி வந்தபோது கூப்பிடுகிறவரும் காசு கொடுத்தார், எடுக்கிறவரும் காசு கொடுத்தார். அந்தக் காலத்தில் கைபேசி வைத்திருந்த ரப்பர் வியாபாரிகள் மணி அடித்ததும் எண்ணைப் பார்த்துவிட்டுக் கட் செய்வார்கள். அப்புறம் வடசேரியில் எஸ்டிடி பூத் தேடிப் போய்த் திரும்பக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் மட்டும் கட்டணம் கொடுக்கும் முறையை 1999ல் ட்ராய் கொண்டுவரப் பார்த்தது. 2000 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடைசியில் 2003 மே 1 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது, வருகிற அழைப்பு இலவசமானது. எடுப்பவரிடம் வாங்கிய காசு நின்றதால், அதற்கு ஈடாகக் கூப்பிடுபவரின் கம்பெனி எடுப்பவரின் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய டெர்மினேஷன் கட்டணம் வந்தது. கைபேசி கூலித் தொழிலாளி கைக்கும் மீன் விற்கும் அக்காமார் கைக்கும் போனதற்கு அந்த நாள்தான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பேலன்ஸ் தீர்ந்துபோன நாளிலும் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம் என்கிற நிம்மதி அது.

கட்டணம் 2004 பிப்ரவரி முதல் நிமிடத்துக்கு 30 பைசா. 2009 ஏப்ரலில் 20 பைசா. 2015 மார்ச்சில் 14 பைசா, அதோடு லேண்ட்லைன் சம்பந்தப்பட்ட அழைப்புகளுக்குப் பூஜ்யம். 2017 அக்டோபரில் 6 பைசா. 2020 ஜனவரியில் பூஜ்யமாகும் என்று முதலில் அறிவித்து, ஒரு வருடம் தள்ளிப்போட்டு, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம்.

இந்தப் பைசாக்கள் சின்னதாகத் தெரியும். சின்னது இல்லை. 2009ல் டாடா டோகோமோ நொடிக்கு 1 பைசா என்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நிமிடத்துக்கு 60 பைசா. அதில் வேறு கம்பெனிக்குப் போகிற அழைப்பாக இருந்தால் 20 பைசா, அதாவது மூன்றில் ஒரு பங்கு, அந்தக் கம்பெனிக்குப் போய்விடும். அந்த 20 பைசாவுக்குக் கீழே யாராலும் நஷ்டமில்லாமல் விலையை இறக்க முடியாது. டெர்மினேஷன் இருக்கும் வரை சில்லறை விலைக்கு அதுதான் தரை. இன்னொரு விளைவு, ஒரே கம்பெனிக்குள் பேசினால் அந்தக் காசு வெளியே போகாது, ஆகவே உள்ளே மலிவு, வெளியே விலை அதிகம் என்று திட்டங்கள் போட்டார்கள். குடும்பம் முழுவதும், சில நேரம் தெரு முழுவதும் ஒரே கம்பெனி சிம் வாங்கியதற்கு அது ஒரு பெரிய காரணம். பெரிய கம்பெனிக்கு அது நல்லது. புதிதாக வருகிற கம்பெனியின் வாடிக்கையாளர் செய்கிற அழைப்புகளில் பெரும்பாலானவை வெளியேதான் போகும், ஆக அவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் செலவு. விலையைக் குறைத்துப் போட்டியைத் திறக்க வேண்டும் என்று நினைத்தால் டெர்மினேஷனைத்தான் முதலில் தொட வேண்டும்.

அப்படி ஒரு புதிய கம்பெனி 2016 செப்டம்பர் 5 அன்று வந்தது. ஜியோவின் வருகை இந்த விஷயத்தில் இரண்டு சண்டைகளைக் கொண்டுவந்தது. இரண்டும் தெரிந்தால்தான் இதில் போட்டி எப்படி நடக்கிறது என்பது புரியும்.

முதல் சண்டை இணைப்புப் புள்ளிகள் பற்றியது. பழைய கம்பெனிகள் போதுமான இணைப்புகளைத் தரவில்லை, அதனால் தங்கள் வாடிக்கையாளர்களின் அழைப்புகள் பெருமளவில் தோற்கின்றன என்று ஜியோ புகார் செய்தது. ஆயிரம் அழைப்பில் ஐந்துக்கு மேல் இணைப்பு நெரிசலால் தோற்கக் கூடாது என்பது விதி. இலவசமாகக் கொடுத்துப் போக்குவரத்தைச் செயற்கையாகப் பெருக்குகிறார்கள், அதைத் தாங்க நாங்கள் ஏன் முதலீடு செய்ய வேண்டும் என்பது பழைய கம்பெனிகளின் வாதம். ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று 2016 அக்டோபரில் ட்ராய் பரிந்துரைத்தது. அரசு அதைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது 2021ல்தான், அதையும் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. இதே விவகாரத்தில், கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து போட்டியைக் கெடுப்பதை விசாரிக்கும் போட்டி ஆணையமும் விசாரணைக்கு உத்தரவிட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2018 டிசம்பர் 5 தீர்ப்பு முக்கியமானது: தொலைத்தொடர்பின் தொழில்நுட்ப, உரிம விஷயங்களை முதலில் ட்ராய் முடிவு செய்யட்டும், அதில் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து செயல்பட்டது தெரியவந்தால் அப்புறம் போட்டி ஆணையம் வரலாம். அதாவது அதிகாரம் பறிபோகவில்லை, வரிசை மட்டும் முடிவானது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே பட்டது. வழக்கு முடிவதற்குள் அந்த இணைப்புப் பிரச்சினையே பழங்கதையாகிவிட்டது என்பதுதான் வருத்தம்.

இரண்டாவது சண்டை மணி அடிக்கும் நேரம் பற்றியது. ஜியோ வாடிக்கையாளர்கள் வெளியே கூப்பிடுவது அதிகம். அங்கே பேச்சு இலவசம் என்பதால், மற்ற கம்பெனிக்காரர்கள் அவர்களுக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள், அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். நம் ஊரில் மிஸ்டு கால் ஒரு தனி மொழி அல்லவா? முட்டத்தில் வள்ளம் கரை பிடித்ததும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால், பள்ளிக்கூட வேன் திருப்பத்துக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால். அந்த மொழிக்குக் கம்பெனிக் கணக்கில் ஒரு விலை உண்டு. மிஸ்டு கால் கொடுத்தவர் பக்கத்துக்கு வருமானம், திரும்பக் கூப்பிட்டவர் பக்கத்துக்குச் செலவு. மூன்று வருடத்தில் இப்படி மற்றவர்களுக்குத் தான் நிகரமாகக் கட்டியது சுமார் 13,500 கோடி ரூபாய் என்று ஜியோ சொன்னது.

அப்புறம் ஜியோ தன் வாடிக்கையாளர் வெளியே கூப்பிடும்போது மணி அடிக்கும் நேரத்தை 20 நொடிக்குக் குறைத்தது. மணி சீக்கிரம் நின்றால் என்ன நடக்கும்? அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அழைப்பு போய்விடும். அம்மா திரும்பக் கூப்பிடுவார். இப்போது அழைப்பின் திசை மாறிவிட்டது. அம்மாவின் கம்பெனி ஜியோவுக்கு 6 பைசா கொடுக்க வேண்டும். கொடுப்பவன் வாங்குபவன் ஆகிவிட்டான். இது ஏமாற்று என்று ஏர்டெல் ட்ராய்க்கு எழுதியது. பிறகு ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் தங்கள் பக்கத்திலும் 25 நொடியாகக் குறைத்துக்கொண்டன. கடைசியில் 2019 நவம்பர் 1 அன்று ட்ராய் உத்தரவு போட்டது: கைபேசிக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60 நொடி. அந்த மாதங்களில் எங்கள் பிரிவில் நிமிடக் கணக்கு நாளுக்கு நாள் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மூட்டுவலியோடு எழுந்து வருகிற ஒரு பாட்டிக்கு அந்தச் சில நொடி எவ்வளவு பெரியது என்று அந்த எக்செல் தாள்களில் எந்தக் கட்டமும் சொல்லவில்லை. ஆறு பைசாவுக்காக மனிதர்கள் போனை எடுக்கும் நேரத்தையே திருடினார்கள், தம்பி. அந்தக் கட்டணம் பூஜ்யமாக வேண்டும் என்று நான் மனம் மாறியது அப்போதுதான்.

அதே 2019 அக்டோபரில்தான் ஜியோ தன் வாடிக்கையாளரிடம் வெளி அழைப்புக்கு 6 பைசா வாங்க ஆரம்பித்தது. பத்து ரூபாய் டாப்அப் போட்டால் 124 நிமிடம். கம்பெனிகளுக்கிடையே கொடுக்கும் இந்தக் கட்டணத்தைக் குறிக்கும் ஐயூசி என்கிற சொல் அப்போதுதான் மார்த்தாண்டம் செல்போன் கடைகளில் எல்லோர் வாயிலும் வந்தது. 2021ல் கட்டணம் பூஜ்யமானதும் அந்த டாப்அப்பும் மறைந்தது.

பூஜ்யம் என்பதைத் தொழிலில் பில் அண்ட் கீப் என்பார்கள். அவரவர் தன் வாடிக்கையாளரிடம் வசூலித்ததைத் தானே வைத்துக்கொள்வது, ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் இல்லை. 4ஜியில் குரலும் டேட்டாவாகவே போகிறது, ஒரு நிமிடப் பேச்சைக் கொண்டுசேர்க்கும் கூடுதல் செலவு மிக மிகக் குறைவு. அந்தக் குறைந்த செலவுக்காக நிமிடக் கணக்கு, ஒத்துப்பார்த்தல், வழக்கு என்று இவ்வளவு பெரிய இயந்திரத்தை ஓட்டுவது வீண். புதியவனுக்கும் பழையவனுக்கும் களம் சமமாகிறது. மிஸ்டு கால் விளையாட்டும் மணியைக் குறைக்கிற விளையாட்டும் அர்த்தமற்றுப் போகின்றன. எதிர்த்தரப்பு சொன்னதிலும் நியாயம் இருந்தது: கிராமத்தில் டவர் போட்டு, 2ஜி பட்டன் போன் வாடிக்கையாளர்களை வைத்திருப்பது நாங்கள், அவர்களிடமிருந்து எங்களுக்கு வருகிற ஒரே வருமானம் டெர்மினேஷன், அதையும் எடுத்தால் அந்தச் செலவை யார் தலையில் போடுவது?

யார் தலையில் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அம்மாவுக்கு வேறு கம்பெனி எண்களிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் அழைப்பு வருகிறது, மாதம் 300 நிமிடம். 2005ல் அந்த 300 நிமிடத்துக்கு அவருடைய கம்பெனிக்குக் கிடைத்தது 90 ரூபாய். 2010ல் 60 ரூபாய். 2016ல் 42 ரூபாய். 2018ல் 18 ரூபாய். இன்று பூஜ்யம். இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். 2005 கடைசியில் லைஃப்டைம் திட்டங்கள் வந்தன. ஒருமுறை 999 ரூபாய் கட்டினால் ஆயுளுக்கும் இன்கமிங் என்றார்கள். தர்மத்துக்கு அல்ல. வருகிற ஒவ்வொரு நிமிடமும் 30 பைசா கொண்டுவந்தது, ஆகவே அந்த வாடிக்கையாளர் ஒன்றும் கட்டாவிட்டாலும் லாபம். கட்டணம் 6 பைசாவுக்கு இறங்கிய அடுத்த வருடம், 2018 கடைசியில், ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளைக்குக் குறைந்தபட்சம் 35 ரூபாய் ரீசார்ஜ் செய்யாவிட்டால் சேவை நிறுத்தப்படும் என்று அறிவித்தன. கணக்கில் காசு இருக்கிறவர்களின் இணைப்பை அப்படித் துண்டிக்காதீர்கள் என்று ட்ராய் அப்போது தலையிட்டது, ஆனால் போக்கு மாறவில்லை. விலைப் போரில் பழைய கம்பெனிகளின் வருமானம் சரிந்ததும் ஒரு காரணம்தான். ஜியோவில் ஆயுள் இன்கமிங் என்கிற ஏற்பாடே ஆரம்பத்திலிருந்து கிடையாது. ஆனாலும் டெர்மினேஷன் வருமானம் வற்றியதுதான் வருகிற அழைப்பை மட்டும் நம்பியிருந்தவர்களை முதலில் தாக்கியது.

பொருளாதாரக்காரர்கள் இதைத் தண்ணீர் மெத்தை விளைவு என்பார்கள். ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் எழும்பும். டெர்மினேஷனை அழுத்தினால் சந்தா எழும்பும். அப்புறம் 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று மூன்று முறை எல்லாத் தனியார் கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. இதில் டெர்மினேஷனுக்குச் சம்பந்தம் குறைவு, போட்டியாளர்கள் குறைந்ததற்குச் சம்பந்தம் அதிகம். 2018ல் ஏர்செல் திவாலானபோது தமிழ்நாட்டில் எத்தனை பேர் எண்ணைக் காப்பாற்றக் கடை வாசலில் நின்றார்கள் என்பது மறந்திருக்காது. அதே வருடம் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மூன்று தனியார், ஒரு அரசு நிறுவனம் என்று சுருங்கிய பிறகு, கம்பெனிகள் தங்களுக்குள் கொடுக்கும் மொத்த விற்பனை விலையை ட்ராய் பூஜ்யமாக்கினாலும் அந்த மிச்சம் முழுவதும் வாடிக்கையாளர் கைக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மொத்த விலைக் கட்டுப்பாடு போட்டிக்கு வழி திறந்துவிடும், போட்டியாளர்களை உண்டாக்காது.

இதில் நம் குமரி மாவட்டத்துக்கு முக்கியமான ஒரு கோணம் இருக்கிறது, துபாயில் இருக்கிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. டெர்மினேஷன் கட்டணம் முழுவதும் ஒழியவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற அழைப்புக்கு அது இன்னும் உண்டு. 2015ல் நிமிடத்துக்கு 53 பைசா, 2018 பிப்ரவரியில் 30 பைசா, 2020 மே முதல் 35 பைசாவுக்குக் குறையாமலும் 65 பைசாவைத் தாண்டாமலும் என்று ஒரு வரம்பு. உள்நாட்டு விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கள்ள வழி பிறக்கும். நூற்றுக்கணக்கான சிம்களைச் செருகிய பெட்டி ஒன்றை இங்கே ஓர் அறையில் வைத்து, இணையம் வழியாக வருகிற வளைகுடா அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவார்கள். துபாயிலிருந்து கூப்பிட்டால் அம்மாவின் போனில் ஏதோ முகம் தெரியாத இந்திய எண் வந்தது என்றால் அது இந்த வழியில் வந்ததாக இருக்கலாம். சட்டவிரோதம், யார் பேசினார்கள் என்பதும் பதிவாகாது. அந்த ஆசையைக் குறைப்பதும் ட்ராய் 30 பைசாவுக்கு இறக்கியதற்கு ஒரு காரணம்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு முடக்கம், அம்மாவிடம் பட்டன் போன். ஆகவே நீங்கள் நேராகவே கூப்பிடுகிறீர்கள். மாதம் 150 நிமிடம் பேசினால், குறைந்தபட்சம் 35 பைசா வீதம் 52 ரூபாய் 50 பைசா அம்மாவின் கம்பெனிக்கு இன்றும் போகிறது. அதற்கு மேல் ரீசார்ஜும் வாங்குகிறார்கள். குளச்சல், தூத்தூர், வள்ளவிளை என்று வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற எல்லா வீடுகளுக்கும் இதே கணக்கு. உள்நாட்டு அழைப்புக்கு வருமானம் இல்லை, அதனால் சந்தா வாங்குகிறோம் என்கிற வாதம் இந்த வீடுகளுக்குப் பொருந்தவில்லை. இதை யாரும் சத்தமாகச் சொல்லாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கேரள எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் களியக்காவிளையில் நின்றால் போன் பாறசாலை டவரைப் பிடித்துக்கொள்ளும், கேரள வட்டத்து ரோமிங் ஆகிவிடும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே வருகிற அழைப்புக்குக் காசு போகும். தூத்தூர்க்காரர்கள் கொச்சியில் மீன் இறக்கும்போது வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் அதே கதை. அந்தக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 1 ரூபாய் 75 பைசாவிலிருந்து 2013ல் 75 பைசா, 2015ல் 45 பைசா என்று ட்ராய் குறைத்தது, பிறகு போட்டியே அதை ஒழித்தது. ரோமிங்கில் காசு கொடுக்கிறவர்தான் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறவர், அதனால் அங்கே போட்டி வேலை செய்தது. டெர்மினேஷனில் இல்லாதது அதுதான்.

சரி, ட்ராய் எங்கே தவறியது என்று என்னைக் கேட்டால், பூஜ்யமாக்கியதில் அல்ல. பூஜ்யமாக்கும் அன்றே, பேச மட்டும் போன் வைத்திருப்பவர்களுக்கு நீண்ட நாள் செல்லுபடியாகும் மலிவான திட்டம் ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும். எடுப்பவரின் செலவை எடுப்பவரே ஏற்க வேண்டும் என்பதுதானே புதிய ஏற்பாடு? அப்படியானால் அவருக்கு வேண்டாத டேட்டாவை அவர் தலையில் கட்டக் கூடாது. அந்த விதி வர நான்கு வருடம் ஆனது. 2024 டிசம்பர் 23 அன்று வந்த திருத்தத்தில், குரலும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும், செல்லுபடி 365 நாள் வரை இருக்கலாம் என்று ட்ராய் ஆணையிட்டது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அப்படிப்பட்ட திட்டங்களைக் கொண்டுவந்தன. ஆனால் விலைக்கு உச்சவரம்பு இல்லை. டேட்டாவை எடுத்த அளவுக்கு விலை இறங்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

என் பெரியம்மா ஒருவர், எண்பதைத் தாண்டியவர், 2019 தொடக்கத்தில் ஒரு வாரம் போன் எடுக்கவில்லை என்று நாங்கள் பதறிப்போய் ஓடினோம். அவருக்கு ஒன்றுமில்லை. லைஃப்டைம் சிம் என்று நம்பி வைத்திருந்த எண்ணைக் கம்பெனி நிறுத்தியிருந்தது. கணக்கில் நாற்பது ரூபாய்க்கு மேல் இருந்தது. ஆங்கிலத்தில் வந்த மெசேஜை அவரால் படிக்க முடியவில்லை. யாருமே கூப்பிடவில்லையே என்று அவர் எங்கள் மேல் கோபமாக இருந்தார்.

அதனால் அம்மாவுக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். 28 நாள் திட்டத்தை விடுங்கள். கம்பெனியின் செயலியிலோ தளத்திலோ குரல் மட்டும் உள்ள திட்டத்தைத் தேடுங்கள். கடையில் தானாக அதைக் காட்டுவது அபூர்வம், பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். திட்டத்தின் விலையை நாள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், 84 நாளுக்கும் ஒரு வருடத்துக்கும் நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பிஎஸ்என்எல்லின் நீண்ட நாள் திட்டங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணை மாற்றுவதற்கு முன்னால் அக்காவை ஒரு நாள் அந்த சிம்மோடு வீட்டுக்கு அனுப்பி, அடுக்களையிலும் படுக்கிற அறையிலும் சிக்னல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காலாவதி தேதியை உங்கள் போனில் குறித்து, ஒரு வாரம் முன்னதாக நீங்களே அங்கிருந்து ரீசார்ஜ் செய்துவிடுங்கள். அப்புறம், கூப்பிடும்போது முப்பது நொடியும் மணி அடிக்க விடுங்கள்.